எந்திரம் எழுதும் புரோகிராம்: இளைஞர்களின் கதி என்ன?

வியாழக்கிழமை வந்துவிட்டால் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் கூட்டம் அலைமோதுகிறது. மத வேறுபாடு இன்றி எல்லோரும் வருகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கண்ணீர் மல்க வேண்டிக் கொள்கிறார்கள்.

ஒரு காலத்தில் அங்கே வந்த தமிழ்த் தாய்மார்களின் வேண்டுதல் ஒன்றாகவே இருந்தது. பிள்ளைக்கு எச்.ஏ.எல்.லிலோ, ஐ.டி.ஐ.யிலோ, எச்.எம்.டி.யிலோ ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதே அது. பிறகு காலம் மாறியது. "பையனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைக்கவேண்டும்" என்று வேண்டினார்கள். இன்று மூன்றாவது வேண்டுதல் ஒன்று பிறந்திருக்கிறது. "கிடைத்த வேலை நிலைக்க வேண்டும்" என்பதுதான் அது.

இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அது எவ்வளவு பெரியது? யார் தலையில் விடியப் போகிறது? இதைப் பதறாமல் ஆராய வேண்டியது அவசியம்.

தகப்பனின் கேள்வி

விவேக் நகர், ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தகப்பன் மூட்டை சுமந்திருப்பார்; கட்டட வேலை செய்திருப்பார்; அல்லது ஏதாவது ஓர் ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியிருப்பார். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, நகையை அடகு வைத்து, வங்கியில் கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையை என்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள். நடந்து போகும் தூரத்தில்தான் கோரமங்களா. அங்கே உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் பிள்ளை நுழைந்துவிட்டால் குடும்பம் கரையேறிவிடும் என்ற நம்பிக்கை. பல குடும்பங்கள் கரையேறியும் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் இன்று தகப்பன் மகனைக் கேட்கிறார்: "ஏம்ப்பா, புரோகிராமை மெஷினே எழுதுதுன்னு சொல்றாங்களே, அப்போ உனக்கு அங்கே என்னப்பா வேலை?"

மகனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி எளிமையானது. பதில்தான் எளிமையாக இல்லை.

நடப்பது என்ன?

கம்ப்யூட்டருக்கு இன்னின்ன வேலையை இன்னின்ன முறையில் செய் என்று கட்டளை எழுதுவதுதான் புரோகிராமரின் தொழில். அதை அவர் வரி வரியாக எழுதுவார். பிழை பார்ப்பார். சோதித்துப் பார்ப்பார். 2021-ம் ஆண்டில் கிட்ஹப் நிறுவனம் 'கோபைலட்' என்ற கருவியை அறிமுகம் செய்தது. புரோகிராமர் ஒரு வரியைத் தொடங்கினால் மீதியை அது எழுதிக் கொடுத்தது. 2022 நவம்பர் கடைசியில் 'சாட்ஜிபிடி' வந்தது. அதன் பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. இப்போதுள்ள கருவிகளிடம், "சம்பளப் பட்டியல் தயாரிக்க ஒரு புரோகிராம் வேண்டும்" என்று சாதாரண வாக்கியத்தில் சொன்னால் போதும். அவையே எழுதுகின்றன, அவையே ஓட்டிப் பார்க்கின்றன, பிழை வந்தால் அவையே திருத்தவும் முயல்கின்றன.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுள் நிறுவனத்தின் தலைவர். அந்த நிறுவனத்தில் புதிதாக எழுதப்படும் புரோகிராமில் கால் பங்குக்கு மேல் செயற்கை நுண்ணறிவு எழுதுவதாகவும், என்ஜினீயர்கள் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதாகவும் 2024 அக்டோபரில் அவர் அறிவித்தார். "சரிபார்த்து ஏற்றுக்கொள்வது" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். எழுதும் வேலை எந்திரத்துக்குப் போகிறது. பார்க்கும் வேலை மனிதனிடம் நிற்கிறது.

பத்திரிகைத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அச்சுக் கோத்த காலம் ஒன்று இருந்தது. எந்திரம் வந்தது, அச்சுக் கோப்பவர் போனார். ஆனால் பிழை திருத்துபவர் உடனே போய்விடவில்லை. வேகம் கூடக் கூட அவர் கண்களுக்கு வேலையும் கூடியது.

புள்ளிவிவரம் சொல்வது

இந்தியாவில் இந்தத் துறையை நம்பி நேரடியாக வேலை பார்ப்பவர்கள் சுமார் 58 லட்சம் பேர் என்று நாஸ்காம் அமைப்பு 2025-ல் கணக்குச் சொன்னது. துறை படுத்துவிட்டது என்று சொல்வது தவறு. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இந்தியாவில் நடத்தும் மையங்கள் 1,700-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பெங்களூரில் இருப்பவைதான் அதிகம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை சுமார் 64 ஆயிரம் குறைந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் மந்தமானதே அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, விடுவிக்கப் போவதாக அறிவித்தது. நடுத்தர, உயர் பதவிகளில் இருப்பவர்களே அதில் அதிகம் என்றும் கூறியது. இது செயற்கை நுண்ணறிவால் அல்ல, திறமைக்கும் தேவைக்கும் பொருத்தம் இல்லாததால்தான் என்பது நிர்வாகத்தின் விளக்கம். கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம் அந்த விளக்கத்தை ஏற்காமல் தொழிலாளர் துறையிடம் முறையிட்டது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அங்கே 22 முதல் 25 வயது வரை உள்ள சாப்ட்வேர் ஊழியர்களின் எண்ணிக்கை, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்துவிட்டது. அனுபவம் மிக்க மூத்தவர்களுக்கு அத்தகைய அடி விழவில்லை. அடி முழுவதும் எந்திரத்தால்தானா என்று வாதிடலாம். ஆனால் அடி யார் மீது விழுகிறது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. புதிதாக வருகிறவன் மீதுதான்.

வங்கியில் நடந்தது

இதைக் குமாஸ்தாக்கள் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். ஏனென்றால் அவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஊழியர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 1983-ல் இந்திய வங்கிகள் சங்கத்துடன் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்தெந்த இடத்தில் எந்திரம் வைக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டினார்கள். எந்திரத்தில் வேலை செய்பவருக்குத் தனி அலவன்ஸ் வாங்கினார்கள். 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. படிப்படியாகக் கம்ப்யூட்டர் பரவியது. லெட்ஜர் புத்தகம் பரணுக்குப் போனது. ஆனாலும் கம்ப்யூட்டர் வந்தது என்பதற்காக எந்தக் குமாஸ்தாவையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை.

அப்படியானால் யாருக்கும் நஷ்டம் இல்லையா? இருந்தது. 1990-களில் அரசு வங்கிகளில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் நின்று போனது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அந்த இடங்களும் பெரும்பாலும் நிரப்பப்படவில்லை. நாற்காலியில் இருந்தவர் கௌரவமாக ஓய்வு பெற்றார். அவருக்குப் பின்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டுக் காத்திருந்த இளைஞனுக்கு நாற்காலியே போடவில்லை. அவன் கோஷம் போட ஒரு சங்கமும் இல்லை. ஏனென்றால் அவன் இன்னும் ஊழியனாகவே ஆகவில்லை.

இன்று கோரமங்களாவிலும் ஒயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உள்ள ஆபத்து இதுவேதான். வேலை பறிபோவது செய்தியாகிறது. வேலை பிறக்காமலே போவது செய்தியாவதில்லை.

வங்கி குமாஸ்தாவின் பிள்ளைக்கு ஒரு வழி இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. எந்தக் கம்ப்யூட்டர் தகப்பனின் வேலையைச் சுருக்கியதோ, அதே கம்ப்யூட்டர்தான் பிள்ளைக்குச் சோறு போட்டது. 1983-ல் இன்போசிஸ் பெங்களூருக்கு வந்தது. 1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தது. பின்னால் பெரும் படையே வந்தது. இம்முறையும் புதுத் தொழில் பிறக்கலாம். ஆனால் அது பிறக்கும்வரை வங்கிக் கடன் தவணை காத்திருக்காது.

அரம் பிடிக்காத பிட்டர்

"சின்னச் சின்ன வேலைகளை எந்திரம் செய்யட்டும், பெரிய வேலைகளை மனிதன் செய்யட்டும்" என்று நிர்வாகங்கள் கூறுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன வேலை செய்யாமல் பெரிய வேலை எப்படி வரும்?

தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் தொழில் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதலில் கையில் அரத்தைக் கொடுப்பார்கள். ஓர் இரும்புத் துண்டை வைசில் கட்டி நாள் கணக்கில் ராவச் சொல்வார்கள். கை கொப்பளிக்கும். அந்தத் துண்டு எதற்கும் பயன்படாது. ஆனாலும் ராவ வேண்டும். இரும்பின் குணம் விரல் நுனிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பயிற்சி. அப்படி வந்தவன், பிற்காலத்தில் கம்ப்யூட்டர் லேத் எந்திரம் ஒரு நூலிழை தவறினாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான்.

புரோகிராமர் தொழிலும் அப்படித்தான். முதல் இரண்டு வருடம் பழைய புரோகிராமில் சில்லறைப் பிழைகளைத் திருத்துவது, சோதனை எழுதுவது, மூத்தவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது என்று போகும். அதுதான் அவனுடைய அரம் பிடிக்கும் காலம். இன்று எந்திரம் மிகவும் நன்றாகச் செய்வது அந்தச் சில்லறை வேலைகளைத்தான். ஆகவே, "இதற்கு ஏன் புதிதாக ஆள்?" என்று நிர்வாகம் கேட்கிறது. இந்த ஆண்டுக் கணக்கில் லாபம்தான். ஆனால் இன்றைய மூத்தவர்கள் பத்து வருடம் கழித்துப் போய்விட்டால், எந்திரம் எழுதியது சரியா தவறா என்று சொல்ல யார் இருப்பார்கள்? விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போன்றது இது.

எந்திரமும் தவறு செய்யும்

இந்தக் கருவிகள் எப்போதும் வேலையை விரைவாக்குகின்றன என்றும் சொல்லிவிட முடியாது. மெட்டர் என்ற ஆராய்ச்சி அமைப்பு 2025-ல் அனுபவம் வாய்ந்த 16 புரோகிராமர்களுக்கு 246 வேலைகளைக் கொடுத்துச் சோதித்தது. கருவியைப் பயன்படுத்தியபோது 20 சதவீதம் வேகமாக முடித்ததாக அவர்கள் நினைத்தார்கள். கடிகாரம் வேறு கதை சொன்னது. 19 சதவீதம் அதிக நேரம் ஆகியிருந்தது. கருவிகள் அதன் பிறகும் முன்னேறி வருகின்றன என்பது உண்மை. ஆனால் "வேகம் கூடிவிட்டது" என்ற உணர்வை மட்டும் நம்பி ஆட்குறைப்பு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

2025 ஜூலையில் அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் இத்தகைய கருவியிடம் வேலையை ஒப்படைத்தார். எதையும் மாற்றக் கூடாது என்று கட்டளையும் இட்டிருந்தார். அது நடப்பில் இருந்த தகவல் தொகுப்பையே அழித்துவிட்டது. கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. தகவல்கள் பிறகு மீட்கப்பட்டன. அதுவே ஒரு வங்கிக் கணக்காகவோ, ஆஸ்பத்திரிப் பதிவாகவோ இருந்திருந்தால்? தவறு செய்த எந்திரத்துக்கு மெமோ கொடுக்க முடியாது. கடைசியில் மெமோ வாங்குவது அதைச் சரிபார்த்த ஊழியன்தான். வேலையில் பாதி போய்விட்டது. பொறுப்பு மட்டும் முழுதாக அவன் தலையில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கழுத்துப் பட்டை அணிந்தவன் தொழிலாளி அல்ல என்ற எண்ணம் இந்தத் துறையில் வேரூன்றியிருக்கிறது. நிர்வாகங்களுக்கு அது வசதி. இளைஞர்களும் அதைப் பெருமையாக நினைத்துவிட்டார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. டெக்னிகல் வேலை செய்பவரும் சட்டத்தின் பார்வையில் தொழிலாளிதான். ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசே 2016-ல் தெளிவுபடுத்தியது.

தொழில் நுட்ப முறையை மாற்றுவதால் ஆட்குறைப்பு நேரக் கூடும் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. அது மட்டுமல்ல. ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை மறுபயிற்சி நிதியாக முதலாளி கட்ட வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது.

ஆனால் நடைமுறை என்ன? ஊழியனைத் தனி அறைக்கு அழைக்கிறார்கள். "நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கம்பெனியில் பெயர் கெடும்" என்கிறார்கள். அவனும் பயந்து எழுதிக் கொடுக்கிறான். ராஜினாமா என்றால் முன்னறிவிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை, மறுபயிற்சி நிதியும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரு சங்கத்தையோ வக்கீலையோ கேட்க வேண்டும் என்ற விவரம்கூட எத்தனை இளைஞர்களுக்குத் தெரியும்?

வேலை குறைந்தால் பகை வளரும்

பெங்களூர்த் தமிழர்கள் மறக்கக் கூடாத இன்னொரு விஷயமும் உண்டு. 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு இடஒதுக்கீடு செய்யும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொழில் அதிபர்கள் எதிர்த்ததும் அது நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளூர் இளைஞனின் ஏக்கம் நியாயமற்றது என்று சொல்ல முடியாது. அவனுக்கும் தாய் தகப்பன் உண்டு, கடன் உண்டு. நூறு பேருக்கு நூறு வேலை இருக்கும்போது யாரும் யாருடைய ஊரையும் கேட்பதில்லை. அது ஐம்பதாகக் குறையும்போது, "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி முதலில் வருகிறது. கன்னட இளைஞனின் வேலையைத் தமிழ் இளைஞனும் பறிக்கவில்லை. தமிழ் இளைஞனின் வேலையைக் கன்னட இளைஞனும் பறிக்கவில்லை. இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதை இரு சாராரும் உணர்வது நல்லது.

இந்த வேலைகளை நம்பி வாழ்பவர்கள் ஐ.டி. ஊழியர்கள் மட்டும் அல்ல. ஈஜிபுராவில் மெஸ் நடத்துபவர், கோரமங்களாவில் காவல் நிற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலை செய்யும் தாய்மார்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் நிழலில்தான் பிழைக்கிறார்கள். புதிதாக வரும் இளைஞர் கூட்டம் குறைந்தால் முதலில் காலியாவது மெஸ் பெஞ்சுதான். 2001-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபோது சுரங்கத் தொழிலாளி மட்டுமா வாடினான்? ஊரே வாடியது. விடிவதற்கு முன் ரயில் ஏறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்கு வரும் நிலை பிறந்தது. அங்கே தங்கத்தை எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சிவிட்டது என்றாவது ஒரு காரணம் இருந்தது. இங்கே நிறுவனங்கள் லாபத்தில் இருக்கின்றன.

செய்ய வேண்டியது

எந்திரத்தை உடைத்து எறிவது பரிகாரம் ஆகாது. அது வரக் கூடாது என்று வழிமறித்தவர்கள் யாரும் வென்றதில்லை. எந்த நிபந்தனையில் வர வேண்டும் என்று பேசியவர்கள் வென்றிருக்கிறார்கள். 1983-ல் வங்கி ஊழியர்கள் காட்டிய வழி அது. அந்த ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒன்றை இப்போது சேர்க்க வேண்டும். உள்ளே இருப்பவர்களின் வேலைக்கு உத்தரவாதம் கேட்பதோடு, வெளியே காத்திருப்பவர்களுக்கும் வழி கேட்க வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தங்கள் ஊழியர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். எந்திரத்தால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால் எந்த நிறுவனமும் நொடித்துவிடாது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையை ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாகச் செய்து வருகிறது. ஒருவரால் முடிவது மற்றவர்களால் ஏன் முடியாது? கர்நாடக அரசும் தமிழக அரசும் இதை வற்புறுத்த வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. "மூன்று மாதத்தில் ஏ.ஐ. படிப்பு, வேலை நிச்சயம்" என்று போர்டு மாட்டி ஆயிரக்கணக்கில் பணம் கறக்கும் கடைகள் முளைத்துவிட்டன. வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்பவர்கள் அதை எழுத்தில் தருவார்களா என்று கேட்க வேண்டும். மீண்டும் ஒரு முறை நகையை அடகு வைக்கும் முன், பட்டதாரிப் பழகுநர் பயிற்சி கிடைக்குமா என்று பார்ப்பது நல்லது. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் எல்லைக்குள் கர்நாடகமும் வருகிறது. அங்கே பணம் கட்டிப் படிப்பதில்லை. உதவித்தொகை வாங்கிப் பழகுவது.

இளைஞர்களும் எந்திரம் எழுதித் தருவதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அது ஏன் அப்படி எழுதியது, எங்கே தவறும், யாருக்காக எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்தில் சில மணி நேரமாவது எந்திரத்தின் துணை இல்லாமல் தாங்களே எழுதிப் பழக வேண்டும். கொப்பளித்த கைதான் பின்னால் சோறு போடும்.

விவேக் நகர் தகப்பன் கேட்ட கேள்விக்கு மகன் இப்படித்தான் பதில் சொல்ல முடியும்: "அது எழுதுதுப்பா. ஆனா சரியா எழுதியிருக்கான்னு பார்க்க ஆள் வேணும். அந்த ஆளா ஆகறதுக்கு எனக்கு இரண்டு வருஷம் கத்துக்க இடம் கொடுக்கணும்."

அந்த இடத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் இன்றைய பிரச்சினை. அதை முடிவு செய்யப் போவது எந்திரம் அல்ல. நிறுவனங்களை நடத்துபவர்களும், சட்டத்தை அமல் செய்பவர்களும், உரிமையைக் கேட்க வேண்டியவர்களும்தான். தாய்மார்கள் மெழுகுவர்த்தி ஏற்றட்டும். ஆனால் தொழிலாளர் கமிஷனர் ஆபீஸ் கதவையும் யாராவது தட்டத்தான் வேண்டும்.